ஐஸ் டேங்குக்கு ஒரு மூடி

மரக்காணம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமா,

நஸீர் பாய் நேற்று கோட்டக்குப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, நீங்கள் ஷார்ஜாவிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். நாலு பிஸ்டன், நாலு கனெக்டிங் ராடு, ஹெட் கேஸ்கட், எனக்கு ஒரு சென்ட் பாட்டில், அத்தைக்கு ஒரு டார்ச் லைட், எல்லாம் பத்திரம். உண்மையைச் சொன்னால் சென்ட்டைவிட ராடுதான் எனக்குப் பிடித்தது. என்ன வழவழப்பு. மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "பெத்த புள்ளைய குளிப்பாட்டற மாதிரி பண்றியே, சோறு வடிக்கிற எண்ணம் இருக்குதா இல்லியா" என்று உங்கள் அம்மா கேட்டார்.

"ஏம்மா, வூட்ல போன் இல்லியா, லெட்டர்லாம் எழுதிக்கிறீங்க" என்று பாய் சிரித்தார். போன் இருக்கிறது. போன வாரம் அதில்தான் நீங்கள் டர்போ பேச்சை எடுத்துக் கத்தி, பதிலுக்கு நான் கத்தி, அத்தை பிடுங்கி அணைத்து வைத்தார். ஆகையால் சொன்னது சொன்னதுதான். போனில் சோறு, உடம்பு, மழை மட்டும். இன்ஜின் சமாசாரம் முழுக்கத் தாளில். எழுதும்போது பாதிக் கோபம் பேனாவிலேயே இறங்கிவிடுகிறது.

நீங்கள் கொடுத்த வாக்கையும் இதிலேயே எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிப் பேசக்கூடாது. பிப்ரவரியில் சென்னைப் பக்கம் நடக்கிற கால் மைல் ஓட்டத்தில் நம் வெள்ளைக் கார் பதின்மூன்று விநாடிக்குள் ஓடிவிட்டால், நீங்கள் ஷார்ஜாவில் மறுபடி கையெழுத்துப் போடாமல் ஊர் வந்துவிடுவீர்கள். நான் உப்பளத்துப் பம்ப் இன்ஜின்களைப் பழுது பார்க்கிற கொட்டகைக்குப் பக்கத்திலேயே இரண்டு பேருமாகக் கார் இன்ஜின் கடை போடுவோம். ஓடாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் நீங்கள் அங்கே, நான் இங்கே. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது நாலு லீவு. எனக்கு இது போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன், டர்போ எது என்று நிதானமாக யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு
ஜெயா


ஷார்ஜா
14 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெயா,

நிதானமாகவே யோசித்தேன். பெரிய டர்போதான்.

நம் வண்டியில் இருப்பது இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சும்மா விட்டால் நூற்றைம்பது குதிரை இழுக்கும். இன்ஜின் விடுகிற புகையிலேயே சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற டர்போவை வைத்தால் முந்நூறு, நானூறு என்று ஏற்றிக்கொண்டே போகலாம். இந்தப் பெட்டியில் வருவது ஐந்நூறு குதிரைக்கானது. இங்கே கேரேஜில் பணக்காரப் பையன்கள் வண்டிக்கு இதைத்தான் மாட்டுகிறேன். அது விசில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் உனக்குச் சாப்பாடு இறங்காது.

ஏன் ஐந்நூறு என்று கேட்பாய். உப்பளத்துப் பம்புக்கு வால்வு தேய்க்கிற பெண்ணும் கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருத்தனும் ஈசிஆர் ஓரத்தில் கடை திறந்தால், எவன் தன் காரை நம்பி விடுவான்? ஐந்நூறு என்று போர்டில் எழுதினால் பாண்டிச்சேரியிலிருந்து வருவான், சென்னையிலிருந்தும் வருவான். ஜனங்களுக்கு ஒரு எண் வேண்டும் ஜெயா.

ஓட்டுவதற்குத் தம்பி சரத்திடம் சொல்லிவிட்டேன். குஷியாக இருக்கிறான். டர்போவைத் தரையில் வைக்காதே. உப்புக்காற்று படாமல் துணியோடு வை.

உன்
கலியன்


மரக்காணம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மாமா,

டர்போவைத் தரையில் வைக்கவில்லை. துணியையும் பிரிக்கவில்லை. பாய் நாளை கிளம்புகிறார், வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். பெட்டியில் இடம் இருந்தது, நெத்திலிக் கருவாடு கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள். போன வருஷம் தனக்கோடி அண்ணன் தன் உப்பளத்துக்குப் பத்துக் குதிரை பம்ப் வாங்கினார். பக்கத்துக்காரரிடம் ஐந்து குதிரை இருந்ததாம், அதனால் இவருக்குப் பத்து. வாய்க்காலோ அரை அடி. தண்ணீர் வந்து சேருகிறவரை பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டு கனைக்கும். வந்து சேர்ந்ததும் ஒரே இழுப்பு, பாத்திக் கரை உடைந்துவிட்டது. கடைசியில் என்னிடம்தான் வந்தார், ஐந்து குதிரை வைத்துக் கொடுத்தேன். உங்கள் பெரிய டர்போவும் அப்படித்தான். நம் சின்ன இன்ஜின் விடுகிற புகையில் அது சுழன்று எழுவதற்குள் பாதி ஓட்டம் முடிந்துவிடும். அப்புறம் மொத்த பலமும் ஒரே அடியாக வந்து, முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சின்ன டர்போ முந்நூற்றைம்பதுதான் தரும். ஆனால் கால் வைத்ததும் தரும்.

சரத் தம்பி நல்லவர்தான். ஆனால் கல்யாண விருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு உப்பு மூட்டைக்கு மேல் ஆகிவிட்டார். அவரை உட்காரவைத்தால் நீங்கள் ஏற்றுகிற குதிரையில் பாதி அவரைச் சுமக்கவே சரியாகப் போய்விடும். நான் ஐம்பத்திரண்டு கிலோ. லோடு டெம்போ ஓட்டுகிறவள். நானே ஓட்டுகிறேன்.

சின்ன டர்போ அனுப்புங்கள்.

ஜெயா


ஷார்ஜா
2 நவம்பர் 2024

ஜெயா,

பெட்டியைப் பிரித்ததும் அறையில் இருந்த எல்லாரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். டர்போவைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், நெத்திலி வாசம் போகவில்லை. அப்புறம் அவர்களே வந்து வறுத்துத் தின்றார்கள். நான் ரோஷத்தில் தொடவில்லை. சரி, இரண்டு தொட்டேன்.

ஏழு வருஷமாக இதே வேலை பார்க்கிறேன். இங்கே முதலாளி என்னைக் கேட்காமல் ஒரு ஆணி வாங்குவதில்லை. நீ தனக்கோடியின் பம்பைக் கொண்டுவந்து என் டர்போவுக்குப் பக்கத்தில் வைக்கிறாய். புருஷன் பார்த்துப் பார்த்து வாங்கின சாமானைக் கருவாட்டோடு திருப்பி அனுப்பினவள் மரக்காணத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

பெரிய டர்போ இல்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். பிஸ்டனையும் ராடையும் பரணில் ஏற்றிவிடு. நான் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிடக்கிறேன்.

கலியன்


மரக்காணம்
8 டிசம்பர் 2024

அன்புள்ள மாமா,

புயல் கரையேறியதையும் நாங்கள் நலமாக இருப்பதையும் போனில் சொன்னேன். சொல்லாதது இது. கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். இன்ஜின் பிளாக் கீழே இருந்தது. நானும் சரத்தும் அதை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தோம். வீட்டிலும் தரை நனைந்து கிடந்தது. காய்ந்திருந்தது அத்தையின் கட்டில் ஒன்றுதான். ஏற்றிவிட்டோம்.

"ஏண்டி, எனக்கு மூட்டு வலி. அதுக்கு என்னாடி வலி" என்று அத்தை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். திட்டிக்கொண்டே இருந்தார். காற்று ஜன்னல் வழியாகச் சாரலை அடித்தபோது, தன் போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தியதும் அவர்தான். "என் புள்ள வாங்கியாந்தது, துரு புடிக்கக் கூடாது" என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது, கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு டர்போ தெரியாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. தெரியும் என்பதால்தான் கேட்கிறேன். இரண்டு லிட்டர் இன்ஜினுக்கு இது பொருந்தாது என்று கேரேஜில் வேறு யாராவது கேட்டால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். நமக்கு மட்டும் ஏன் அதில் நிற்கிறீர்கள்? கார் ஓடாமல் போனால் அங்கேயே இருந்துவிடலாம் என்றா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். அழுவேன், ஆனால் பிழைத்துக்கொள்வேன். பிளாக்கை மட்டும் அத்தை கட்டிலிலிருந்து இறக்க வேண்டும், அதற்காகவாவது பதில் போடுங்கள்.

ஜெயா


ஷார்ஜா
27 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெயா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

ஊருக்கு வரக்கூடாது என்று இல்லை. வரப் பயம். கார் ஓடிவிட்டால் வந்தாக வேண்டும். வந்து கடை போட்டு ஒருத்தரும் எட்டிப் பார்க்காவிட்டால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஐந்நூறு என்று ஒரு எண் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். அது தைரியம் இல்லை, முட்டுக்கட்டை என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். இவளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று எனக்குக் கோபம், கொஞ்சம் சந்தோஷமும்தான்.

இந்தப் பெட்டியில் சின்ன டர்போ வருகிறது. கூடவே கனமான கிளட்ச், பெரிய இன்ஜெக்டர், ஹெட்டை இறுக்க போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட். ஸ்டட்டில் மட்டும் தகராறு பண்ணாதே, போல்ட் இந்த அழுத்தத்தைத் தாங்காது. அப்புறம் இன்டர்கூலர். டர்போ அமுக்கிய காற்று சூடாகும், சூடான காற்றில் பலம் இல்லை. இது தண்ணீரால் குளிர வைக்கிற வகை. பின்பக்கம் ஒரு டேங்க் இருக்கும், ஓட்டத்தன்று அதில் ஐஸும் தண்ணீரும் போட வேண்டும்.

ஒன்றே ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள். இன்டர்கூலர் அலுமினியம். உப்பு ஆகவே ஆகாது. நம் போர் தண்ணீரே உப்பு, அதையும் ஊற்றாதே. கேன் தண்ணீர் மட்டும்.

அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்.

உன்
கலியன்


மரக்காணம்
21 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

இன்ஜின் பேசிவிட்டது. மாட்டுப் பொங்கலன்று சாவியைத் திருகினேன். நம் வீட்டில் மாடு இல்லையே என்று அத்தை காருக்கே பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார். இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை பிடித்தது. கிரேனில் கட்டியிருந்த சங்கிலி அதிர்ந்தது. நான் சரத் தம்பியின் தோளில் அடித்த அடியில் அவர் இன்னும் பச்சிலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. கிளட்ச்சும் சரி, கால்தான் வலிக்கிறது. இப்போது மெதுவாக ஓட்டிப் பழக்குகிறேன். முதல் ஆயிலை வடித்தபோது பொடிப்பொடியாக இரும்புத் தூள் மினுங்கியது. பயப்படவில்லை. முதல் முறை வாரும் உப்பிலும் சேறு வரத்தானே செய்யும், அதை வரப்பில் கொட்டிவிட்டு அடுத்ததைத்தானே விற்கிறோம். இரண்டாவது ஆயில் தெளிவாக இருக்கிறது.

நேற்று பிரம்மதேசம் சாலையில் விடியற்காலையில் ஒரு தடவை முழுதாக மிதித்தேன். மாமா, டர்போ தூங்கவே இல்லை. கால் வைத்ததும் முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் போனது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அப்போது அவ்வளவு கோபம் வந்தது.

ஜெயா


ஷார்ஜா
1 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெயா,

பாய் கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன். முன்டயரில் காற்றைக் குறை. கிளட்ச்சைப் பயந்து பயந்து விடாதே. ஐஸ் நிறையக் கொண்டு போ, மதியத்தில் கரைந்துவிடும். ஒப்பந்தத் தாள் வந்துவிட்டது, மாதக் கடைசிக்குள் போட வேண்டும். மேனேஜர் தினமும் கேட்கிறார். ஒன்பதாம் தேதி ஓட்டத்துக்கு அப்புறம் சொல்கிறேன் என்றேன். இவன் ஜோசியம் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்.

மெதுவாகப் போ என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன்.

உன்
கலியன்


மரக்காணம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

சாயங்காலம் போனில் "என்னா ஆச்சு, சொல்லு" என்றீர்கள். "சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு" என்றேன். நீங்கள் பல்லைக் கடித்தது இங்கே கேட்டது. விதி விதிதான். ஆனால் பாய் வர நாளாகும் என்பதால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். விதியில் அதற்குத் தடையில்லை.

ஆளுக்கு மூன்று ஓட்டம். முதலாவதில் கிளட்ச்சைப் பயந்து பயந்து விட்டேன், பதின்மூன்று புள்ளி ஐந்து. இரண்டாவது பதின்மூன்று புள்ளி ஒன்று. அதற்குள் கொண்டுபோன ஐஸில் முக்கால்வாசி கரைந்துவிட்டது. உள்ளே போகிற காற்று சூடாகச் சூடாக இன்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஐஸை டேங்கில் போட்டு, மூடாமல் விட்டுவிட்டு, டயரில் காற்றைக் குறைக்கக் குனிந்தேன்.

கூட வந்திருந்த அத்தை, மஞ்சள் பையில் நம் பாத்திக் கல்லுப்பு கொண்டுவந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. "எல்லா கண்ணும் வெள்ளக் கார் மேலதான் இருக்குது" என்று வண்டியைச் சுற்றி வந்து திருஷ்டி கழித்திருக்கிறார். சுற்றின உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் அல்லவா. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்ட் தரை. தண்ணீர் என்று இருந்தது ஐஸ் டேங்க் ஒன்றுதான்.

நிமிர்ந்தபோது அவர் காலிப் பையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்த, என்னா பண்ணீங்க?"

"கரைச்சிட்டேம்மா. இனிமே எந்தக் கண்ணும் ஒண்ணும் பண்ணாது. நீ போ."

அதே நேரம் மைக்கில் நம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். டேங்கைக் கொட்டினால் ஐஸும் போகும், வாக்கும் போகும். கொட்டாவிட்டால் நீங்கள் எழுதிய அலுமினியம் போகும். பிறகு நினைத்தேன், உப்புத் தண்ணீர் குடித்த பம்பையே தினமும் பிரித்துப் பார்க்கிறவள் நான். உப்பு எதையும் ஒரே நாளில் தின்றதில்லை. கழுவாமல் விட்டு வைத்தால்தான் தின்னும். ஓடிவிட்டு உடனே கழுவலாம் என்று ஏறி உட்கார்ந்தேன்.

கோட்டில் நிற்கும்போது மீட்டரைப் பார்க்கிறேன், காற்றின் சூடு சரசரவென்று இறங்குகிறது. குல்ஃபிக்காரர் ஐஸில் உப்பைப் போட்டுக் குலுக்குவாரே, அதே சங்கதி, உப்பு சேர்ந்தால் ஐஸ் தண்ணீர் இன்னும் குளிரும். அத்தை அவ்வளவு உப்பு போட்டிருக்கிறார். பச்சை விழுந்தது. கிளட்ச்சைப் பயப்படாமல் விட்டேன்.

பன்னிரண்டு புள்ளி எட்டு.

இறங்கினதும் சிரிக்கக்கூட நேரமில்லை. டேங்கைக் கொட்டி, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை எல்லாம் ஊற்றி அலசினோம். பக்கத்து வண்டிப் பையன்கள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தங்கள் கேனையும் தூக்கி வந்தார்கள். நாக்கில் தொட்டுப் பார்த்து உப்புக் கரிக்காத வரைக்கும் விடவில்லை. பொம்மையார்பாளையத்துப் பையன் ஒருவன், "அக்கா, கடை எங்க இருக்குது?" என்று கேட்டான். "இன்னும் தெறக்கல தம்பி, பாதி கடை ஷார்ஜால இருக்குது" என்றேன்.

வாங்க மாமா.

ஜெயா


ஷார்ஜா
12 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெயா,

படித்துவிட்டு அறையில் ஒரு கத்துக் கத்தினேன். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். நீ ஓட்டியதை நான் பார்க்கவில்லையே என்று வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. வாக்கு நாம் தேர்ந்தெடுத்து மாட்டிய சாமானுக்கு. பிஸ்டன் நான் பார்த்தது, டர்போ நீ பார்த்தது. உப்பை யாரும் பார்த்து வைக்கவில்லை. அது இல்லாமல் பதின்மூன்று புள்ளி ஒன்றுதான். நாளைக்கு அந்தப் பையன் கார் கொண்டுவந்தால், ஒவ்வொரு தடவையும் அம்மாவா வந்து உப்பு போடுவார்? தாள் மேசை மேலேயே இருக்கிறது. இந்த ஓட்டம் கணக்கில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

கலியன்


மரக்காணம்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

உப்பு கணக்கில் சேராதா?

நீங்கள் ஐடிஐ படித்தது அத்தை உப்பு வாரி. ஷார்ஜாவுக்கு டிக்கெட் எடுத்தது உப்பு வாரி. உப்பு பம்பைத் தின்பதால்தான் என் கொட்டகை நடக்கிறது, அதைப் பார்க்க வந்துதான் நீங்கள் என்னையே பார்த்தீர்கள். நம் வீட்டில் உப்பில்லாமல் வந்தது எது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள், நானே கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

இன்னொன்று. அத்தை காருக்குத்தான் திருஷ்டி கழித்தார் என்று நினைத்திருந்தேன். கேன் தண்ணீர் ஊற்றி அலசும்போது கேட்டேன், "சுத்தறப்ப என்னா வேண்டிக்கிட்டீங்க அத்த?" "கார் எப்படியாச்சும் போவுது. எம்புள்ள வூட்டுக்கு வரணும்னு சுத்துனேன்" என்றார்.

இனி உங்கள் இஷ்டம்.

ஜெயா


ஷார்ஜா
24 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜெயா,

இந்த முறை பாய் கையில் கடிதம் மட்டும்தான். பெட்டியை நானே தூக்கி வருகிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று மேனேஜர் கேட்டார். "அம்மா உப்பு போட்டுட்டாங்க சார்" என்றேன். மலையாளி, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். பயம் போகவில்லை ஜெயா. பயத்தோடுதான் வருகிறேன். உன் கொட்டகையில் அதற்கும் ஒரு மூலை ஒதுக்கு. மார்ச் மூன்றாம் தேதி காலையில் சென்னையில் இறங்குகிறேன். வெள்ளைக் காரிலேயே கூப்பிட வா. நான் ஓட்டமாட்டேன், நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

ஐஸ் டேங்குக்கு ஒரு மூடி செய்திருக்கிறேன். நல்ல ஸ்டீல், ஓரத்தில் ரப்பர். அம்மா கைக்குத் திறக்காதபடி ஒரு பூட்டும் வைத்தேன். நேற்று உன் கடிதத்தை மறுபடி படித்துவிட்டுப் பூட்டை மட்டும் கழற்றிவிட்டேன்.

உன்
கலியன்